ஆய்வுக்கு வந்திருக்கோம்: கரிசல் காட்டில் சமூகவியலின் முதல் பாடம்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம். திரும்பத் திரும்பச் சொன்னவற்றை மட்டும் நீக்கியிருக்கிறோம்.)

போன மாசம் வந்த மெயில்கள்ல ஒரே கேள்வியை நாலஞ்சு பேர் கேட்டிருந்தாங்க. எல்லாருமே காலேஜ் மாணவர்கள். "சோசியாலஜின்னா என்ன? நாம தினமும் வாழ்ற வாழ்க்கைதானே, அதைப் படிக்க எதுக்கு ஒரு பாடம்?" நியாயமான கேள்வி. நான் படிச்சது இன்ஜினியரிங். பகல்ல கோடு எழுதுறேன், ராத்திரியும் வார இறுதியும் வரலாறு படிக்கிறேன். அதனால பேராசிரியர் மாதிரி வரையறை எல்லாம் சொல்ல வரலை. ஒரு கதை சொல்றேன். நம்ம ஊர்ல நடந்த கதை.

1916ஆம் வருஷம். சென்னைப் பல்கலைக்கழகத்துல இந்தியப் பொருளாதாரத்துக்குன்னு புதுசா ஒரு பேராசிரியர் பதவி வந்திருக்கு. அந்த நாற்காலியில முதல்ல உட்கார்ந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர்ங்கிற ஆங்கிலேயர். இங்கிலாந்துல அச்சடிச்ச பாடப்புத்தகத்தை வச்சுக்கிட்டு இந்தியக் கிராமத்தைப் பத்திப் பாடம் நடத்த முடியாதுன்னு அவருக்குப் புரியுது. அவர் ஒரு கேள்விப் பட்டியல் தயார் பண்றார். மாணவர்கள் கையில கொடுக்கிறார். லீவுக்கு ஊருக்குப் போறீங்கல்ல? உங்க ஊரையே விசாரிச்சு எழுதிட்டு வாங்க.

அப்படி எழுதி வந்த கட்டுரைகள் 1918ல் 'சில தென்னிந்தியக் கிராமங்கள்' என்ற பொருள்படும் தலைப்பில் ஆங்கிலப் புத்தகமாக வெளிவந்தன. அதில் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பாலக்குறிச்சி இருக்கு. திருநெல்வேலி கங்கைகொண்டான் இருக்கு. வட ஆற்காட்டுத் தூசி, தென் ஆற்காட்டு இருவேல்பட்டு இருக்கு. கூடவே அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து ஒரு ஊர்: வடமலைபுரம். இன்னைக்கு வடமலாபுரம்னு சொல்றோம். சிவகாசி பக்கம். எங்க அப்பா ஊரான எம். புதுப்பட்டியும் அதே வட்டாரம்தான். விருதுநகர் தனி மாவட்டமாப் பிரிஞ்சது 1985லதான்.

பம்பாய்ப் பல்கலைக்கழகத்துல பேட்ரிக் கெட்டிஸ் தலைமையில சமூகவியல் துறை தொடங்குனது 1919ல. அதுக்கு முன்னாடியே நம்ம கரிசல் காட்டுல ஒரு மாணவர் நோட்டுப் புத்தகத்தோட வீடு வீடாப் போயிருக்கார். அதுக்கு அப்போ சமூகவியல்னு பேர் இல்லை, பொருளாதாரம்னு பேர். ஆனா சமூகவியலோட அடிப்படைக் கேள்விகள் எல்லாமே அந்தப் பயணத்துல இருக்கு. யார் கேக்குறாங்க? யார்கிட்ட? எந்த வார்த்தையில? அந்த மூணு கேள்வியையும் பிடிச்சுக்கிட்டே இன்னைக்குப் போகலாம்.

கேள்வித்தாள் என்ற டேட்டாபேஸ்

ஸ்லேட்டர் சும்மா வந்தவர் இல்லை. இங்கிலாந்துல பொது நிலங்களை வேலி போட்டுத் தனியார் ஆக்கினபோது விவசாயிகளுக்கு என்ன ஆச்சுன்னு 1907லயே புத்தகம் எழுதினவர். அவருக்கு முந்தின தலைமுறையில சார்லஸ் பூத் லண்டன் நகரத்துல தெருத் தெருவா வறுமையைக் கணக்கெடுத்து, வரைபடத்துல வண்ணம் தீட்டிக் காட்டியிருந்தார். யார்க் நகரத்துல ரௌன்ட்ரீ அதே மாதிரி ஒரு கணக்கெடுப்பு செஞ்சு 1901ல வெளியிட்டார். ஏழை ஏன் ஏழையா இருக்கான்னு ஒழுக்கப் பாடம் நடத்துறதை விட்டுட்டு, அவன் வீட்டு வரவு செலவை எழுதிப் பாருங்கங்கிற மரபு அது. ஸ்லேட்டர் அந்த மரபோட கப்பல் ஏறினவர்.

அவரோட கேள்விகள் எதைப் பத்தி? நிலம் யார்கிட்ட எவ்வளவு, குத்தகை எப்படி, என்ன பயிர், எத்தனை மாடு, கடன் எவ்வளவு, கூலி எவ்வளவு, ஒரு குடும்பத்தோட செலவு எப்படி. எங்க தொழில்காரங்களுக்கு இது உடனே புரியும். இது ஒரு டேட்டாபேஸ் வடிவமைப்பு. நீங்க எந்தெந்தக் கட்டத்தை உருவாக்குறீங்களோ அதுக்குள்ள விழுற உண்மை மட்டும்தான் பதிவாகும். கட்டம் இல்லாத உண்மை எங்கேயும் போகாது, அந்தத் தெருவுலயே இருக்கும். ஆனா உங்க அறிக்கையில இருக்காது. ஒரு ஆப்ல 'தொழில்'னு ஒரு கட்டம் வச்சு, விவசாயம், வியாபாரம், உத்தியோகம்னு மூணு தேர்வு மட்டும் கொடுத்தா என்ன ஆகும்? காலையில களை எடுத்துட்டு, மதியம் மாடு பார்த்துட்டு, ராத்திரி பெட்டி ஒட்டுற ஒரு அம்மா அதுல எதை அமுக்குவாங்க? 'வீட்டு வேலை'ன்னு ஒரு தேர்வு இருந்தா அதுல தள்ளிவிட்டுட்டுப் போயிடுவோம்.

அதுக்காகக் கேள்வித்தாளே வேண்டாம்னு சொல்லலை. அதுதான் 1916ஐ இன்னைக்கு நம்ம கையில கொடுத்திருக்கு. ஒரு ஊரின் கடனையும் கூலியையும் எழுதி வைக்காமல் விட்டிருந்தால், பிற்காலத்தில் வந்தவர்களிடம் "அந்தக் காலத்துல எல்லாம் நல்லா இருந்துச்சு" என்ற நினைவு மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

யார் வீட்டுத் திண்ணை?

இப்போ முதல் கேள்வி. யார் கேக்குறாங்க?

சென்னைக்கு வர்றதுக்கு முன்னாடி ஸ்லேட்டர் ஆக்ஸ்போர்டுல ரஸ்கின் கல்லூரிக்கு முதல்வரா இருந்தார். 1899ல தொழிலாளர்களுக்காகவே தொடங்கின கல்லூரி அது. சுரங்கத்துல வேலை பார்த்தவங்க, ரயில்வேயில வேலை பார்த்தவங்க அங்கே வந்து பொருளாதாரம் படிச்சாங்க. 1909ல பாடம் எப்படி நடத்தணும், முதல்வர் யாரா இருக்கணும்கிற சண்டையில மாணவர்கள் வகுப்பைப் புறக்கணிச்சுப் போராட்டமே நடத்தினாங்க. அதுக்கு அப்புறம்தான் ஸ்லேட்டர் முதல்வரா வர்றார். அதாவது அங்கே கூலியைப் பத்திப் பாடம் நடத்தினா, எதிர்ல உட்கார்ந்திருக்கிறவன் கூலி வாங்கினவன்.

சென்னையில அப்படி இல்லை. 1916ல இங்கே காலேஜ் வரைக்கும் வந்தவங்கள்ல பெரும்பாலானவங்க பிராமணர்கள், அடுத்து நிலம் வச்சிருந்த சாதிக் குடும்பங்களைச் சேர்ந்தவங்க. அதே 1916 டிசம்பர்லதான் பிட்டி. தியாகராயர் பேர்ல பிராமணரல்லாதார் அறிக்கை வெளிவருது. படிப்பும் பதவியும் யார் கையில இருக்குங்கிற சண்டை தெருவுக்கு வந்த வருஷம் அது. அப்போ ஊருக்குப் போற மாணவன் பெரும்பாலும் நிலக்காரர் வீட்டுப் பையன். அவன் போய்ப் பண்ணையாள்கிட்ட "உனக்குக் கடன் எவ்வளவு?"ன்னு கேக்குறான். கடன் கொடுத்தவர் அந்தப் பையனோட சொந்தக்காரராவே இருக்கலாம். பதில் எப்படி வரும்? கையைக் கட்டிக்கிட்டு, கேக்குறவர் முகத்தைப் பார்த்துக்கிட்டே வரும்.

சொந்த ஊருக்கே அனுப்புனதுல லாபம் இருக்கு. வழி தெரியும், ஆள் தெரியும், பேச்சு தெரியும். அதே காரணத்தால நஷ்டமும் இருக்கு. சொந்த ஊர்ல நீங்க எந்தத் தெருவுக்குப் போகலாம், யார் வீட்டுல தண்ணி குடிக்கலாம்னு எல்லாமே நீங்க பிறக்கும்போதே தீர்மானமாயிருக்கும்.

வெளியூர்க்காரர் வந்தா இது சரியாயிடுமா? ஆகாது. 1961–62ல ஆந்த்ரே பெத்தேய்ங்கிற சமூகவியலாளர் தஞ்சாவூர் மாவட்டத்துல ஒரு கிராமத்துல தங்கி ஆய்வு பண்ணினார். 'ஸ்ரீபுரம்'னு புனைபெயர் வச்சு 1965ல சாதி, வர்க்கம், அதிகாரம் பத்தி அவர் எழுதின புத்தகம் இன்னைக்கும் பாடப்புத்தகம். அவர் தங்கினது அக்ரகாரத்துல. அங்கே தங்கினதால சேரிப் பக்கம் இஷ்டத்துக்குப் போய் வர முடியலைன்னு அவரே எழுதியிருக்கார். கல்கத்தாவுல வளர்ந்தவர், டெல்லியில வேலை பார்த்தவர். ஆனாலும் ஊர் அவரை ஒரு தெருவுல உட்கார வச்சிடுச்சு. சமூகவியல் மாணவருக்கு இதுதான் முதல் பாடம்னு நான் நினைக்கிறேன்: எதைப் பார்த்தோம்னு எழுதுறதுக்கு முன்னாடி, எங்கே உட்கார்ந்து பார்த்தோம்னு எழுதணும்.

திரும்பிப் போகிறவர்கள்

ஸ்லேட்டரோட மாணவர்கள் போன ஊர்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் அடிச்சது. அதுக்கு அப்புறமும் ஆட்கள் போய்க்கிட்டே இருந்தாங்க. 1930களின் பிற்பகுதியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் முன்நின்று மறு ஆய்வு செய்தார்கள். அது 1940ல் புத்தகமானது. பிறகு மார்கரெட் ஹாஸ்வெல் இந்த ஐந்து தமிழ்நாட்டு ஊர்களையும் மறுபடி பார்த்து 1967ல் எழுதினார். 1980களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து எஸ். குகன் போன்றோர் அதே ஊர்களுக்குப் போனார்கள். வடமலாபுரத்துக்கு வெங்கடேஷ் ஆத்ரேயா போனார். இருவேல்பட்டுக்கு 2008ல் ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் மூவரும் மறுபடி போனார்கள். பெரிய நிலக்கிழாரின் பிடிக்குள் இருந்த ஊரில் அந்தப் பிடி தளர்ந்ததையும், கூலி வேலை செய்தவர்கள் விவசாயத்துக்கு வெளியே வேலை தேடிக்கொண்டதையும் அவர்கள் 2010ல் எழுதினார்கள்.

கிட்டத்தட்ட நூறு வருஷம் திரும்பத் திரும்பப் பார்க்கப்பட்ட ஊர்கள். இப்படி உலகத்துலயே ரொம்பக் கொஞ்ச இடங்கள்தான் இருக்கு.

இதுல வடமலாபுரத்தை மட்டும் யோசிச்சுப் பாருங்க. 1916ல அந்த மாணவர் ஊருக்குப் போனப்போ சிவகாசியில தீப்பெட்டித் தொழிலே கிடையாது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யக் கத்துக்கிட்டு வந்து தொழில் தொடங்கினது 1923 வாக்குல. பட்டாசு அதுக்கும் பிறகு வளர்ந்தது. அதனால 1916 கேள்வித்தாள்ல தீப்பெட்டி பத்திக் கேள்வி இருக்க வாய்ப்பே இல்லை. அடுத்த கணக்கெடுப்பு நடக்கும்போது பக்கத்து நகரத்துல தொழில் வந்தாச்சு. 1980கள்ல சுத்து வட்டாரக் கிராமங்கள் முழுக்க அந்தத் தொழிலோட மூச்சுலதான் இருந்தது. ஒரு ஊர்ல பிறந்து வளர்ந்த மனுசருக்கு இந்த மாற்றம் கொஞ்சம் கொஞ்சமா நடக்குது, அதனால கண்ணுல படாது. ஒரு தடவை வந்துட்டுப் போன ஆய்வாளருக்கும் படாது. இருபது வருஷத்துக்கு ஒருதரம் அதே கதவைத் தட்டுறவருக்குத்தான் தெரியும். வாழ்ந்தவர் சொல்றது மட்டும் போதாது, கணக்கும் வேணும்னு சொல்றதுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கலை.

ஆபீஸ், மருந்து, ஆய்வு

சரி, இப்போ மறுபக்கம். கணக்கு மட்டும் போதுமா?

எம். புதுப்பட்டி பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலைன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. தீப்பெட்டி ஆபீஸ். பட்டாசு ஆலையும் ஆபீஸ்தான். "அத்தை எங்க?"ன்னு கேட்டா "ஆபீசுக்குப் போயிருக்கு"ன்னு பதில் வரும். சென்னையில என்கூட வேலை பார்க்கிறவங்ககிட்ட எங்க அத்தை முப்பது வருஷமா ஆபீஸ் போறாங்கன்னு சொன்னா, அவங்க மனசுல வர்ற படம் வேற. வெடி செய்யுற ரசாயனக் கலவைக்கு அங்கே பேர் மருந்து. "இன்னைக்கு மருந்து வேலை"ன்னா ரொம்ப ஜாக்கிரதையா இருக்க வேண்டிய நாள்னு அர்த்தம்.

அத்தைகிட்ட ஒருதடவை உட்கார்ந்து அவங்க வேலையைப் பத்திக் கேட்டு எழுதினேன். "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வேலை அத்தை?"

"மணியைக் கேட்டா என்னய்யா சொல்றது? குரோசுல கேளு, சொல்றேன்."

குரோஸ்னா 144. தீப்பெட்டி ஆபீஸ்ல இருந்தப்போ இத்தனை குரோஸ் பெட்டிக்கு இவ்வளவு காசுங்கிறதுதான் அவங்களோட கடிகாரம். கை வேகமா ஓடுற நாள் சின்ன நாள். காய்ச்சல் அடிக்கிற நாள் பெரிய நாள். பிள்ளையும் கூட உட்கார்ந்து ஒட்டினா அந்த நாள் இன்னும் சின்னதாகும். 'வேலை நேரம்'ங்கிற கட்டத்துல எட்டுன்னு ஒரு எண்ணை எழுதிட்டுப் போயிருந்தா, குழந்தை ஏன் வேலைக்கு வந்துச்சுங்கிற காரணமே அந்த எண்ணுக்குள்ள புதைஞ்சு போயிருக்கும்.

அடுத்து நான் எதிர்பார்க்காத ஒரு வார்த்தை வந்தது. "ஆபீஸ்ல எதுக்கு ரொம்பப் பயப்படுவீங்க?"ன்னு கேட்டேன். வெடிக்குன்னு சொல்லுவாங்கன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

"வெடிக்குப் பயந்தா சோறு திங்க முடியுமாய்யா? ஆய்வு வந்துருச்சுன்னா பயம். கேட்டைப் பூட்டிருவாக. அந்த வாரம் கூலி இல்ல. குழுவுக்குக் கட்டுறதுக்கு எங்க போக?"

இதைக் கொஞ்சம் நிறுத்தி யோசிக்கணும். எங்கேயாவது விபத்து நடந்தா அதிகாரிகள் சோதனைக்கு வருவாங்க. விதிமீறல் இருக்கிற ஆலை மட்டும் இல்லை, வம்பு வேண்டாம்னு மத்ததும் சில நாள் கதவைச் சாத்தும். தினக்கூலிக்காரருக்கு, பீஸ் ரேட்டுக்காரருக்கு, அது சம்பளம் இல்லாத லீவு. மைக்ரோ ஃபைனான்ஸ் குழுவுக்கு வாரத் தவணை கட்டுற நாள் மட்டும் மாறாது. அதனால உயிரைக் காப்பாத்த வர்ற சோதனையே வீட்டுக்கு ஆபத்தாத் தெரியுது. விதிகளை எழுதுற யாராவது இந்த ஒரு பதிலைக் கேட்டிருந்தா, சோதனை நடக்கிற நாட்களுக்குக் கூலி உண்டுன்னு ஒரு வரி சேர்க்கத் தோணியிருக்கலாம்.

இன்னொண்ணும் இருக்கு. தமிழ்ல நாம ஆராய்ச்சிக்கும் ஆய்வுன்னுதான் சொல்றோம். சமூகவியல் மாணவர் நோட்டோட போய், "அக்கா, நாங்க ஆய்வுக்கு வந்திருக்கோம்"னு சொன்னா அந்தத் தெருவுல என்ன நடக்கும்? கதவு சாத்தும். நம்ம பாடப்புத்தகத்து வார்த்தை அவங்க தெருவுல சோதனை, பூட்டு, கூலி இல்லாத வாரம். எந்த வார்த்தையில கேக்குறோம்ங்கிறது இலக்கண விஷயம் இல்லை, பதில் வருமா வராதாங்கிற விஷயம்.

இரண்டு எண்ணிக்கைகள்

சிவகாசியைப் பத்தி ஒரு பழைய கணக்கு. தீப்பெட்டி ஆலைகள்ல குழந்தைகள் வேலை பார்க்கிறதை எதிர்த்து வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடர்ந்த வழக்குல உச்ச நீதிமன்றம் 1990ல ஒரு தீர்ப்பு சொன்னது. 1985 டிசம்பர் 31 நிலவரப்படி அந்தப் பகுதியில பதிவு பெற்ற தீப்பெட்டி ஆலைகள் 221, தொழிலாளர்கள் 27,338, அவங்கள்ல குழந்தைகள் 2,941ன்னு அந்தத் தீர்ப்புல இருக்கு. அதே 1980கள்ல இந்த வட்டாரத்துக்கு வந்த ஆய்வாளர்களும் செய்தியாளர்களும் பல பத்தாயிரக்கணக்கான குழந்தைகள்னு எழுதினாங்க.

யார் பொய் சொன்னாங்க? யாரும் சொல்லியிருக்க வேண்டியதில்லை. ஒரு கணக்கு பதிவு பெற்ற ஆலையோட பேரேட்டுல இருந்து வந்தது. இன்னொரு கணக்கு விடியறதுக்கு முன்னாடி ஊர் ஊராப் போய்ப் பிள்ளைகளை ஏத்திக்கிட்டு வந்த கம்பெனி பஸ்களைப் பார்த்து வந்தது. வீட்டுல உட்கார்ந்து பெட்டி ஒட்டின குழந்தை பேரேட்டுல வராது. பதிவு இல்லாத சின்ன ஆபீஸ்ல குச்சி அடுக்கின குழந்தையும் வராது. எங்கே நின்னு எண்ணினாங்கன்னு பார்த்தா ரெண்டு எண்ணுமே புரியும். 1996ல அதே வழக்குல வந்த இன்னொரு தீர்ப்பு, ஆபத்தான தொழில்ல வேலைக்கு வச்ச ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நல நிதிக்குக் கட்டணும்னு சொன்னது. இன்னைக்கு நிலைமை பெரிய அளவுல மாறியிருக்கு. எங்க அத்தை பிள்ளைங்க ரெண்டு பேரும் டிகிரி முடிச்சவங்க.

பேரேடும் பஸ்ஸும் சொல்லாத ஒண்ணு இருக்கு: அந்தப் பஸ்ஸுக்குள்ள இருந்த குழந்தைக்கு அது எப்படி இருந்தது? அதை எழுதினதும் இந்த மாவட்டத்துக்காரர்தான். வத்திராயிருப்புப் பக்கம் இன்னொரு புதுப்பட்டி இருக்கு. பாமாவோட ஊர். 1992ல 'கருக்கு', 1994ல 'சங்கதி'. தலித் பெண்களோட வாழ்க்கையைச் சொல்ற 'சங்கதி'யில தீப்பெட்டி ஆபீசுக்குப் போற ஒரு சிறுமி வர்றா. சமூகவியல் வகுப்புக்குன்னு எழுதின புத்தகம் இல்லை அது. ஆனா வகுப்புல முதல் வாரமே கொடுக்கலாம்.

உராய்வு

2012 செப்டம்பர் 5. சிவகாசி பக்கம் முதலிப்பட்டியில நடந்த வெடி விபத்துல கிட்டத்தட்ட 40 பேர் இறந்தாங்க. அவங்கள்ல பல பேர் அந்த ஆலையில வேலை பார்த்தவங்களே இல்லை. புகையைப் பார்த்து ஓடி வந்த அக்கம்பக்கத்து ஊர்க்காரங்க. 2023 அக்டோபர் 17ல எம். புதுப்பட்டி போலீஸ் எல்லையில ரெங்கபாளையத்துல நடந்த விபத்துல இறந்தவங்கள்ல பெரும்பாலோர் பெண்கள்.

இப்படி ஒவ்வொரு தடவையும் செய்தியில ஒரு வார்த்தை வரும்: உராய்வு. "மருந்து கலக்கும்போது உராய்வு ஏற்பட்டு." வேதியியல்படி அது சரியாவே இருக்கலாம். ஆனா அந்த வார்த்தை கேள்வியை அந்த அறைக்குள்ளயே பூட்டிடுது. யாரோ ஒருத்தர் கை தவறிட்டார், அவ்வளவுதான்.

அமெரிக்கச் சமூகவியலாளர் ரைட் மில்ஸ் 1959ல எழுதின ஒரு புத்தகத்துல சமூகவியலோட வேலையை ரொம்ப எளிமையா விளக்கினார். ஒருத்தருக்கு வேலை போச்சுன்னா அது அவரோட சொந்தக் கஷ்டம். ஒரு நாட்டுல லட்சக்கணக்கான பேருக்கு வேலை போச்சுன்னா அது பொதுப் பிரச்சினை. அதுக்கான காரணத்தை ஒவ்வொருத்தரோட குணத்துல தேடக்கூடாது. ரெண்டையும் இணைச்சுப் பார்க்கிற கண்ணுதான் சமூகவியல் கொடுக்கிறது.

அந்தக் கண்ணோட உராய்வைப் பாருங்க. ஒரு அறையில இத்தனை பேர்தான் இருக்கணும், இவ்வளவு மருந்துதான் இருக்கணும்னு உரிமத்துல வரம்பு இருக்கு. பிறகு ஏன் கூடுதலா இருந்தாங்க? தீபாவளி ஆர்டர். ஏன் அந்த அவசரம்? பீஸ் ரேட். பல விபத்து விசாரணைகள்ல உள்குத்தகைன்னு வருது. நாக்பூர் லைசென்ஸ் ஒருத்தர் பேர்ல, அறைகளை நடத்துறவர் வேறொருத்தர். அப்போ பொறுப்பு யாருக்கு? மழை நம்பி விவசாயம் பண்ற கரிசல் பூமியில வேற என்ன வேலை இருக்கு? இந்தச் சங்கிலியில எங்கேயோ, சென்னையிலயோ டெல்லியிலயோ ஆன்லைன்ல கிஃப்ட் பாக்ஸ் ஆர்டர் பண்ற நாமும் நிக்கிறோம்.

2018 அக்டோபர்ல உச்ச நீதிமன்றம் பேரியம் உப்பு கலந்த பட்டாசையும் சரவெடியையும் தடை பண்ணினது நினைவிருக்கும். டெல்லிக் குழந்தைகளோட நுரையீரல் அந்த வழக்குல இருந்தது, அது உண்மையான கவலை. அதே நாள்ல சரவெடி பின்னுற கைத்திறமைக்கு மதிப்பு இல்லாமல் போனது. ட்விட்டர்ல அப்போ நடந்த சண்டையை நான் பார்த்தேன். பட்டாசு வேணும், வேண்டாம்னு ரெண்டு கட்சி. பின்னினவங்க யாரும் ரெண்டு கட்சியிலயும் பேசலை.

வாழ்ந்தவர் சொல்லட்டும், பிறகு?

அப்போ வாழ்ந்த அனுபவம் இருக்கிறவர் பேசினாப் போதுமா? இந்தியாவுல இதைப் பத்தி ஒரு முக்கியமான விவாதம் நடந்திருக்கு. 2002ல கோபால் குருங்கிற அரசியல் அறிஞர் ஒரு கட்டுரை எழுதினார். இந்தியச் சமூக அறிவியல்ல தலித்துகள் அனுபவத்தையும் தகவலையும் கொடுக்கிறவங்களாவே நிறுத்தப்படுறாங்க, கோட்பாடு எழுதுற வேலை மேல்சாதியினர் கையிலயே இருக்குங்கிறது அவரோட குற்றச்சாட்டு. தத்துவ அறிஞர் சுந்தர் சருக்கை அதுக்கு எதிர்வினை எழுதினார். ரெண்டு பேரோட விவாதமும் 2012ல ஒரே புத்தகமா வந்தது.

அதுல சருக்கை சொல்ற ஒரு வேறுபாட்டை என் வார்த்தையில சொல்றேன். ஒரு நாள் நான் பட்டாசு ஆபீசுக்குப் போய் உட்கார்ந்து திரி சொருகலாம். கை முழுக்க அலுமினியப் பொடி ஒட்டும், வெள்ளி பூசின மாதிரி. அதுவும் அனுபவம்தான். ஆனா சாயங்காலம் நான் கிளம்பிடலாம். அத்தையால கிளம்ப முடியாது. நாளைக்கும் வரணும். வேண்டாம்னு சொல்ற வழி இல்லாம இருக்கிறதுதான் அதை வாழ்ந்த அனுபவமா ஆக்குது. பார்க்கப் போனவருக்கு எப்பவுமே ஒரு திரும்புற டிக்கெட் பையில இருக்கும்.

குருவோட கேள்வியை இதோட சேர்த்து வச்சுக்கங்க. "குரோசுல கேளு"ன்னு சொன்னப்போ அத்தை எனக்குத் தகவல் மட்டும் கொடுக்கலை. என் கேள்வியோட அலகையே மாத்தினாங்க. அதுக்குப் பேர்தான் கோட்பாடு. அதைப் பட்டம் வாங்கினவர் செஞ்சா கட்டுரையாகுது, அத்தை செஞ்சா 'பேட்டி'யாகுது.

நீங்க செய்ய வேண்டியது

கேள்வி கேட்ட மாணவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். ஸ்லேட்டர் கொடுத்த மாதிரியே லீவுக்குத்தான்.

உங்களுக்குத் தெரிஞ்ச, வேலைக்குப் போற ஒருத்தரைத் தேர்ந்தெடுங்க. பாட்டி, பக்கத்து வீட்டு ஆட்டோக்கார அண்ணன், ஹாஸ்டல் மெஸ் அக்கா, யாரா இருந்தாலும் சரி. "உங்க கஷ்டம் என்ன?"ன்னு ஆரம்பிக்காதீங்க. நேத்து எந்திரிச்சதுல இருந்து படுக்குற வரைக்கும் என்ன நடந்ததுன்னு மட்டும் கேளுங்க. அவங்க சொல்ற வார்த்தையை நல்ல தமிழா மாத்தாம அப்படியே எழுதுங்க. ஆபீஸ்னா ஆபீஸ், மருந்துன்னா மருந்து. எதுக்குக் கேக்குறீங்க, இதை என்ன செய்யப் போறீங்கன்னு முதல்லயே சொல்லிடுங்க. வேண்டாம்னு சொன்னா நோட்டை மூடிடுங்க.

அப்புறம் அதே வேலை பார்க்கிற இன்னும் ஒரு பத்துப் பேர்கிட்ட போங்க. ஒருத்தருக்கு மட்டும் நடந்தது எது, எல்லாருக்கும் நடக்கிறது எதுன்னு அப்போதான் பிரியும். எழுதி முடிச்சதும் கடைசிப் பக்கத்துல ரெண்டு விஷயம் குறிச்சு வைங்க: நீங்க யார் வீட்டுல உட்கார்ந்து கேட்டீங்க, எந்தத் தெருவுக்குப் போகலை. தேதி போட மறந்துடாதீங்க. பத்து வருஷம் கழிச்சு நீங்களோ வேற யாரோ அதே கதவைத் தட்டும்போது அந்தத் தேதி தேவைப்படும்.

எழுதினதை அவங்களுக்கே படிச்சுக் காட்டுங்க. 1916ல வடமலாபுரத்தைப் பத்தி எழுதினது இங்கிலீஷ்ல இருந்தது. அதுல வர்ற கூலிக்காரங்க யாருக்கும் அதைப் படிக்க வழி இல்லை. உங்ககிட்ட ஃபோன் இருக்கு, தமிழ் இருக்கு. படிச்சுக் காட்டினதும் "அது அப்படி இல்லப்பா"ன்னு அவங்க எங்கே உங்களை நிறுத்துறாங்களோ, அந்த இடத்துல இருந்து அடுத்த பக்கத்தை எழுதுங்க.

அப்படி எழுதினதுல ஒரு பக்கம், அவங்க அனுமதியோட, பேரை எடுத்துட்டு எங்களுக்கு அனுப்புங்க. அதுல சிலதை வச்சு ஒரு எபிசோட் பண்ணலாம்னு இருக்கேன். அடுத்த வாரம் 1899 சிவகாசிக் கலவரம் பத்திப் பேசப் போறோம். அதுவரைக்கும் பார்த்துக்கங்க, வணக்கம்.